டல்ஸிக்கு இரண்டு தட்டு

இனி என் வீட்டில் என்னை யாரும் கடிக்கக் கூடாது. 2001 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு இந்த முடிவை எடுத்தேன். அந்த நேரத்தில் என் இடது கட்டைவிரல் டல்ஸியின் வாயில் இருந்தது.

டல்ஸி எங்கள் மலைப்பாம்பு. நீளம் இரண்டு மீட்டர், பதினோரு சென்டிமீட்டர். விஷம் கிடையாது. பற்கள் உண்டு. எத்தனை என்று எண்ண அவள் அவகாசம் தரவில்லை. பெயர் வைத்தது என் மனைவி பெரில். அது அவளுடைய அம்மாவின் பெயர். முதல்நாள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் பாம்பு கழுத்தை வளைத்து என்னை ஒரு பார்வை பார்த்தது. "அப்படியே எங்கம்மா!" என்று பெரில் கத்திவிட்டாள். நான் மறுக்கவில்லை. முப்பத்தாறு வருடத் திருமண வாழ்வில் நான் மறுத்தது நான்கு முறை. நான்கிலும் தோற்றேன்.

பெரில் என் விரலைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். அப்போது அவள் தலைமுடி இன்னும் செம்பட்டையாக இருந்தது. ஜன்னல் வெயில் அதில் பட்டால் செம்புக் கம்பி போல மின்னும்.

"இது எத்தனாவது, டெஸ்?"

"இந்த வருஷம் இருபத்து மூணு தடவை கதவைத் திறந்தேன். இருபத்தோரு பாய்ச்சல். ஒம்பது கடி."

"கிறிஸ்துமஸுக்கு மேவிஸ் வரா."

மேவிஸ் அவளுடைய அக்கா.

"வரட்டுமே."

"அவ கண் எதிர்ல நீ டல்ஸியை வெறுங்கையால வெளிய எடுக்கணும். பாயக் கூடாது. பாஞ்சான்னா மறுநாள் காலையில அவ ஹெர்ப் வீட்டுக்குப் போயிடுவா."

"யாரு, மேவிஸா?"

"டல்ஸி."

எனக்கு விரல்வலி மறந்துபோனது. ஆஸ்திரேலியாவின் பண்டாபெர்க் ஊர்க் கரும்பு ஆலையில் எடை மேடையில் நாற்பத்தொரு வருடம் இருந்தேன். வண்டிகளை எண்ணினேன், டன்களை எழுதினேன், மனிதர்களோடு அதிகம் பேசவில்லை. பேச வராது. ஜூலையில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு நான் கூச்சமில்லாமல் பேசிய ஒரே ஆள் டல்ஸிதான். காலையில் டீக் கோப்பையோடு அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்து நேற்று பெய்த மழையின் அளவைச் சொல்வேன். அவள் நாக்கை நீட்டிக் கேட்டுக்கொள்வாள். அவளை அனுப்பிவிட்டால் மழை அளவை யாரிடம் சொல்வது?

ஹெர்ப் குழாய் வேலை செய்பவர். எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். அன்றே அவர் கொட்டகைக்குப் போனேன்.

"கதவை எப்பெல்லாம் திறப்ப?"

"பதினாலு நாளைக்கு ஒரு தடவை. எலி போட."

"பெட்டியைச் சுத்தம் பண்றது?"

"அன்னிக்கேதான். ரெண்டு வேலையும் ஒரே தடவையா முடிஞ்சிடும்ல?"

ஹெர்ப் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கதவு திறந்தா எலி வரும்னு நீயே பாடம் நடத்தியிருக்க. உன் கையை எலின்னு நினைக்கறதுல அவ தப்பு என்னப்பா இருக்கு?"

ஒரு நீளக் கொக்கியை எடுத்துக் கொடுத்தார். "தினமும் கதவைத் திற. இதால உடம்புல மெதுவா ரெண்டு தட்டு. தட்டினா எலி இல்லைன்னு அர்த்தம். பேசாத. காத்திரு. கழுத்தைத் தளர்த்தினதும் தூக்கு. எலி போடற அன்னிக்கு மட்டும் தட்டாத. இடுக்கியில பிடிச்சுக் குடு. தின்னப்புறம் மூணு நாள் தொடவே தொடாத."

"எத்தனை நாள்ல படியும்?"

"புத்தியுள்ள பாம்புன்னா ஒரு மாசம்."

கிறிஸ்துமஸுக்கு முன் நாற்பத்திரண்டு நாள். அதில் எலி நாள் மூன்று. தொடக்கூடாத நாள் ஒன்பது. மிச்சம் முப்பது. சரியாக ஒரு மாதம். வீட்டுக்கு வந்து நோட்டில் கட்டம் போட்டேன். பெரில் உருளைக்கிழங்கை உரிப்பதை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வேலையில் அவள் அவ்வளவு அக்கறை காட்டியது அதுதான் முதல் முறை.

"தட்டினா வலிக்காதா?"

"வலிக்காது. சும்மா ஒரு சேதி சொல்றதுதான்."

"தட்டிட்டுப் பேசக் கூடாதா?"

"கூடாது. குழம்பிடும்."

"திட்டறது?"

"அதுவும் பேச்சுதானே, பெரில்."

"அடக் கடவுளே! முப்பத்தாறு வருஷம் வீணாப் போச்சே" என்றாள். நோட்டை வாங்கி, நான் எழுதியதை இரண்டு முறை படித்தாள்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் இருந்தவரை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்றபிறகு தெரிந்தது. அதன் கதவில் ரப்பர் பிரியும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். நான் தோட்டத்தில் இருந்தாலும் கேட்கும். வந்துவிடுவேன். ஒத்தாசைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்ததற்கு ஒரு துண்டு பன்றித்தொடைக் கறி, கொஞ்சம் பாலாடைக்கட்டி, ஒரு கரண்டி கஸ்டர்ட். ஆறு கிலோ குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாக நோட்டுக்குள் வைத்திருந்தேன். பத்திரமாக வைத்தபிறகு அதைப் பார்க்கவில்லை.

பாடம் தொடங்கியது. முதல் ஐந்து நாள் ஐந்து பாய்ச்சல். நான்கு கொக்கிமேல், ஒன்று என் சட்டைக் கைமேல். பத்தாம் பாட நாளில் தட்டியதும் தலையை நிறுத்தி யோசித்தாள். பதினாறாம் பாட நாளில் கழுத்து தளர்ந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். குளிர்ந்த கனம். மெதுவாக என் முழங்கையைச் சுற்றிக்கொண்டு அக்குள் சூட்டில் தலையை வைத்தாள். நான் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த வாரங்களை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. வெளியே மாம்பழ வாசனை. வானொலியில் கிரிக்கெட். பெரிலும் என்னிடம் மென்மையாகிவிட்டாள். ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டு உள்ளே போனால், "மறுபடியுமா?" என்ற பழைய கத்தல் இல்லை. கையிலிருக்கும் மரக்கரண்டியின் காம்பால் என் தோளில் மெதுவாக இரண்டு தட்டு. ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் கொஞ்சம் நிற்பேன். மனதுக்கு இதமாக இருக்கும். திரும்பி வந்துவிடுவேன். கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு செல்லம் கொஞ்சியதில்லை.

இடுப்புவாரில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. டல்ஸி போய்விடுவாளோ என்ற கவலை என்று நினைத்தேன்.

டிசம்பர் இருபதாம் தேதிதான் கணக்கில் ஒரு பயங்கரத்தைக் கண்டேன். கிறிஸ்துமஸ் நாற்பத்து மூன்றாம் நாள். எலி நாள்! அவளுக்குப் பசி உச்சத்தில் இருக்கும் நாள்.

"பெரில், சோதனையை ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாமா?"

"ஏன்?"

"அன்னிக்கு அவளுக்குப் பசிக்கும்."

"வயிறு நிறைஞ்சப்போ அமைதியா இருக்கறது பெரிய விஷயமா? பசிச்சப்போ இருந்தாத்தான் படிச்சிருக்கான்னு அர்த்தம்."

மறுக்கலாமா என்று பார்த்தேன். தோற்ற நான்கு முறையும் நினைவுக்கு வந்தன.

கிறிஸ்துமஸ் அன்று முப்பத்து நான்கு டிகிரி. இறாலும் பன்றித்தொடையும் முடிந்தன. மேவிஸ் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

"டெஸ், எங்கம்மா பேரை வெச்ச ஜந்துவை என்கிட்டக் கொண்டுவந்த, உன்னைத் தொலைச்சுடுவேன்."

கதவை நகர்த்தினேன். டல்ஸியின் கழுத்து வளைந்தது. ஒரு கணம் மாமியாரேதான். ஹெர்ப் வீட்டுக் கொட்டகை கண்முன் வந்தது. கொக்கியால் தட்டினேன். ஒன்று. இரண்டு. பேசவில்லை. பதினொன்றுவரை எண்ணினேன். கழுத்து தளர்ந்தது. தூக்கினேன். வெளியே வந்து என் தோளில் சால்வைபோலக் கிடந்தாள்.

மேவிஸ் கைதட்டினாள். என் வாழ்வில் எனக்கு யாரும் கைதட்டியது அதுதான். டல்ஸியைப் பெட்டியில் விட்டு, கதவைச் சாத்தி, கையைக் கழுவிவிட்டு ராஜாபோல வந்து மேஜையில் உட்கார்ந்தேன்.

"ப்ளக்."

ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. உள்ளே பெரிலின் பாவ்லோவா. வெள்ளை முட்டைநுரை, மேலே கிரீம், அதன்மேல் எங்கள் மரத்து மாம்பழம். எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன், தோளில் மரக்கரண்டி. ஒன்று. இரண்டு.

உட்கார்ந்தேன்.

மேவிஸ் மூச்சுத் திணறும்வரை சிரித்தாள். "பெரில்! ரெண்டும் படிஞ்சிடுச்சுடி!"

"எது ரெண்டும்?" என்றேன்.

பெரில் என் நோட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அவள் கையெழுத்து. என்னுடையதைவிட நேரான கட்டங்கள்.

'நவம்பர் 14. கதவு திறந்தது 14. வந்தது 14.
நவம்பர் 23. திறந்தது 13. வந்தது 9. தட்டியதும் யோசிக்கிறான்.
டிசம்பர் 2. திறந்தது 15. வந்தது 4. கடி 1 (கஸ்டர்ட்).
டிசம்பர் 24. திறந்தது 16. வந்தது 1. உடனே திரும்பினான். எடை: நான்கு கிலோ குறைவு.'

நடுவில் டாக்டர் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

எனக்குக் கோபம் வர வேண்டிய நேரம் அது. ஆனால் கணக்கில் ஒரு தப்புகூட இல்லை.

"அப்போ டல்ஸி போயிருந்தா?" என்றேன்.

"எங்க போறா? ஹெர்ப் வீட்டுல இடமே இல்லையாம், அப்பவே போன்ல கேட்டுட்டேன். எங்கம்மா பேருள்ளவளை நான் வெளிய அனுப்புவேனா? உனக்கு ஒரு பாடம் கத்துக்கணும்னு தோணணும். உன்னைப் படிய வைக்க எனக்கு அந்தப் பாடம் வேணும். அவ்வளவுதான்." பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அந்த டாக்டர் சீட்டைப் பார்த்த அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, டெஸ்."

நேற்று பெய்த மழையின் அளவைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

அன்று மேவிஸ் போனபிறகு டல்ஸிக்கு எலி கிடைத்தது. எனக்கு ஒரு துண்டு பாவ்லோவா கிடைத்தது. அன்றுமுதல் எனக்கும் பதினான்கு நாளைக்கு ஒரு துண்டு. கரண்டி மேஜைமேல் சும்மா கிடந்தது.

டல்ஸி இருபத்து மூன்று வயதுவரை எங்களோடு இருந்தாள். மூன்று வருடம் முன்பு ஒரு குளிர்காலக் காலையில் போனாள். மாமரத்தின் அடியில் இருக்கிறாள். காலியான கண்ணாடிப் பெட்டியில் பெரில் மேஜைவிரிப்புகளை அடுக்கியிருக்கிறாள். கொக்கி மட்டும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. எனக்கு எண்பத்தைந்து. பெரிலின் முடி முழுக்க வெள்ளை. வெயில் பட்டால் இப்போதும் மின்னுகிறது. மழை அளவை அவளிடம்தான் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே 'ப்ளக்' என்று கேட்டது. எழுந்து போனேன். தோளில் இரண்டு தட்டு. திரும்பி வந்து நோட்டைப் பார்த்தேன்.

பாவ்லோவாவுக்கு இன்னும் ஒன்பது நாள்.