சூரிக் – வியன்னா: ஒரு மணி இருபது நிமிடம்

"அப்பா, வியன்னா ஏர்போர்ட்ல ஒரு மணி நேரமா நிக்கேன். தம்பியக் காணோம்" என்றான் மூத்தவன் சௌந்தரபாண்டியன்.

ஐயாதுரை போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். வியன்னாவில் வேலை பார்க்கும் சின்னவன் பிரேம்குமார் பத்து நிமிடம் முன்னால்தான் பேசியிருந்தான். "சூரிக்ல இறங்கிட்டேன்ப்பா. அண்ணன் கூப்பிட வரவே இல்ல."

சூரிக்கில் இருக்கும் அண்ணன் தம்பியைப் பார்க்கவும், தம்பி அண்ணனைப் பார்க்கவும் கிளம்பி, ஆகாயத்தில் ஒருவரையொருவர் கடந்து போயிருந்தார்கள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் ஐயாதுரை. அத்தனை பஸ்ஸையும் முறையாக அனுப்பியவருக்குப் பெற்ற இரண்டை அனுப்பத் தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தில், அப்பாவை யார் கூட்டிப்போவது என்று மகன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அவன் வீட்டுக்குப் போனீங்கன்னா எனக்கு அப்பாவே இல்ல!" என்றான் பெரியவன். அதையே சின்னவனும் சொன்னான். அன்றோடு பேச்சு அறுந்தது.

யாரிடம் போனாலும் இன்னொரு பிள்ளை இல்லையென்று ஆகிவிடும். ஐயாதுரை தனியாகவே பொங்கித் தின்றார். நமக்காகத்தானே அடித்துக்கொண்டார்கள் என்று உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, தூக்க ஆளில்லாமல் அரை நாள் கிடந்த பிறகுதான் இவர்களைச் சேர்த்துவைக்கத் துணிந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராவல்ஸ் கடை வைத்திருக்கும் பெலிக்ஸிடம் பஸ் ஏறிப் போனார்.

"சூரிக்குக்கும் வியன்னாவுக்கும் எம்புட்டுத் தூரம்?"

"அறுநூறு கிலோமீட்டர் வரும். பிளைட்ல ஒண்ணு இருபது."

"அம்புட்டுத்தானா? நம்ம மதுரைக்குப் போற நேரம்கூட இல்லையேய்யா!"

"தம்பி உன்னத் தேடி அழுதான், போய்ப் பாருலே" என்று பெரியவனிடம் ஒரு பொய் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். அதே பொய்யைத் திருப்பிச் சின்னவனிடம் சொன்னார். அவன் சரி என்றான். பெரியவனும் பிறகு மனம் மாறிக் கிளம்புவான் என்று யார் கண்டது?

"சின்னவரத் திரும்பச் சொல்லுங்க. பெரியவரு அங்கனயே இருக்கட்டும்" என்று, இன்றும் தன் கடையில் வந்து உட்கார்ந்திருந்த ஐயாதுரைக்கு யோசனை சொன்னார் பெலிக்ஸ்.

சின்னவனிடம் சொல்லியாயிற்று. பெரியவனின் போன் அணைந்திருந்தது.

மூன்று மணி நேரம் கழித்துச் சின்னவன் அழைத்தான். "வியன்னா வந்துட்டேன். அண்ணன் எங்கப்பா?"

அடுத்து பெரியவன். "காத்துக் காத்துப் பாத்துட்டு சூரிக் திரும்பிட்டேன்ப்பா."

பெலிக்ஸ் தலையில் கைவைத்தார். "கெளம்புன எடத்துக்கே வந்து சேந்துட்டாவளே!"

ஐயாதுரைக்குக் கண் கலங்கியது. "என் பேச்சக் கேட்டு எம்புட்டு அலைச்சல் படுதானுவ, பாவம்!"

நாளைக்காவது ஒருவன் மட்டும் கிளம்பட்டும் என்று சொல்லப் பெரியவனை மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. வீட்டு எண்ணுக்குப் போட்டார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதமாக அங்கே தங்கியிருக்கும் சம்பந்தியம்மா முனீஸ்வரி எடுத்தார்.

"ஏர்போர்ட்லருந்து பெரியவன் களைச்சு வந்திருப்பான். சாப்பிட்டானாம்மா?"

"எந்த ஏர்போர்ட்டுண்ணே? மாசாமாசம் வாரமாதிரி சின்னவரு நேத்தே இங்க வந்துட்டாவ. அண்ணனும் தம்பியும் காலையிலருந்து சீட்டு வெளாண்டுட்டு இப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்காவ. யாருட்ட குடுக்கட்டும்?"