நான் ஆடியது குறித்து மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மச்சானுக்கு ஸ்தோத்திரம். நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

இளையோர் தியான முகாமில் நான் ஆடினேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. உங்கள் தங்கை போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் ஆட்டமா, இவனிடம் பிள்ளையை விட்டுவைக்க முடியாது, என்னோடு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

அடக்கத்தன்று வாசலில் கிடந்ததெல்லாம் என் கடை நாற்காலிகள்தான். எல்லாரும் எழுந்து போனார்கள், நாற்காலிகளும் கடைக்குத் திரும்பின, ஒன்றைத் தவிர. அதில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்தால் அதில்தான், ஜன்னலைப் பார்த்தபடி, சாப்பாடும் அதில்தான். நாற்காலி வாடகைக்கு விட்டே முன்னுக்கு வந்தவன் நான், ஒரு பிள்ளையை நாற்காலியிலிருந்து எழுப்ப எனக்கு வழி தெரியவில்லை. போதகர் முகாமுக்கு அனுப்பச் சொன்னார். நம் சரக்கும் அங்கேதான் போகிறது என்று லாரியிலேயே கூட்டிப் போனேன். மண்டபத்தில் வரிசை போட்டு, துடைத்து, அவளை உட்காரவைத்து நிமிர்ந்தால், முகாம் நடத்துகிற அம்மா, தொழிலுக்குப் பல் டாக்டர், "எல்லாத்தையும் ஓரமா அடுக்கிடுங்கண்ணே" என்றார்.

"ஏம்மா, சரக்குல ஏதாவது குறையா?"

"குறையில்லண்ணே. இன்னிக்கு உடம்பாலதான் ஜெபம்."

"எம்பொண்ணு நிக்க மாட்டா. அவளுக்கு மட்டும் ஒண்ணு விட்டுடும்மா."

"ஒண்ணும் கிடையாது. எடுங்க."

வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பல்லைப் பிடுங்குகிறவர்களின் முகம் அது. எடுத்தேன். பாட்டு தொடங்கியது, பிள்ளைகள் கையை உயர்த்தி வட்டமாகச் சுற்றினார்கள், இவள் மட்டும் செருப்பைத் தொலைத்தவள்போல நின்றாள். திடீரென்று தோள் குலுங்கியது, கைகள் மேலே போயின. வலிப்பு என்று நினைத்துவிட்டேன் மச்சான். தண்ணீர் பாட்டிலோடு பாய்ந்து முகத்தில் அடித்தேன், பாதி அவள்மேல், பாதி கண்மூடி நின்ற போதகரின் வழுக்கைமேல்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. வாயால ஜெபம் வரல, கை காலால வருது. நீங்களும் வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். விடவில்லை. நின்றால் பின்னால் வருகிறவர்கள் முட்டுகிறார்கள், தொப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். உங்கள் தங்கை போனபிறகு கர்த்தரோடு நான் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பேசினேன். அடக்கத்தன்று நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவன், அங்கேதான் அழுதேன். அழுதுகொண்டே சந்தோஷமாக இருந்தேன், அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவள் அம்மாவின் சிரிப்பு.

ஆனாலும் உங்கள் மரியாதைக்காக இனி ஆடமாட்டேன், இது சத்தியம். பிள்ளையை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். அக்காவின் முட்டிவலி தீர ஜெபிக்கிறேன்.

உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: கடிதத்தை இவள் படித்துவிட்டு, அந்தச் சத்திய வரியை அடித்துவிடச் சொல்கிறாள். டாக்டரம்மாவும் வந்தார், அடுத்த முகாமுக்குப் பேசி முடித்தாயிற்று. வாடகை கிடையாது. நாற்காலிகளை நானே இறக்கி ஓரமாக அடுக்க வேண்டும், வீட்டு ஜன்னலோரம் கிடக்கும் அந்த ஒன்றையும் சேர்த்து. பதிலுக்குக் கடைசி வரிசையில் மூன்று பேருக்கு நிற்க இடம்: அவளுக்கு, எனக்கு, உங்களுக்கு.