ஷாஃபியின் வைக்கோல் வாயு

ஐந்தாவது முறையாக அடுப்பின் திருகைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார் அப்துல் ஷாஃபி. விரல்தான் சுட்டது.

"சாயங்காலம் மஃரிப் பாங்கு வரைக்கும்தான் பார்ப்பேன்," என்றாள் மனைவி ஃபத்ஹிய்யா. "அதுக்குள்ள எரியலன்னா அந்த டிரம்மு பழைய இரும்புக்காரனுக்கு. என் புறாக்கூட்டுக்கு இடம் வேணும்."

"எரியும்மா. பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

அறுவடை முடிந்தால் நைல் டெல்டாவில் வைக்கோலை வயலிலேயே கொளுத்திவிடுவார்கள். போன வருஷம் அந்தப் புகையில் பக்கத்து வீட்டு உம்மு ரிஃபாத் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த ஷாஃபி, இனி ஒரு வைக்கோல் தாளையும் கொளுத்துவதில்லை என்று அல்லாஹ்விடம் வாக்குக் கொடுத்துவிட்டார். காற்றுப் புகாத டிரம்மில் வைக்கோலை அடைத்து வெளியிலிருந்து சூடேற்றினால் அது எரியாமல் வெந்து வாயுவாகும், அதில் சமைக்கலாம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான, சிலிண்டர்கள் வைக்கும் மொட்டைமாடியில் டிரம்மை நிறுத்தினார். வைக்கோல் குவியலோரம் கிடந்த சிவப்பு ரப்பர் குழாயின் நுனியைத் தேடியெடுத்து மாட்டினார். வாயுதான் சமையலறைக்கு வரவில்லை.

மூடி கசிகிறதோ என்று களிமண் பூசினார். டிரம் உறுமி, அந்தக் களிமண்ணைக் கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பில் துப்பியது.

"ஐயோ, விரிப்புக்கு அம்மை போட்டிருக்கே!"

அடைப்போ என்று டிரம்மின் வாயைக் கம்பியால் குடைந்தார். கருந்தார் நரைத்த தாடியில் வழிந்தது.

"பரவாயில்ல, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க."

ஷாஃபி பல்லைக் கடித்துக்கொண்டு, சூடு போதவில்லையோ என்று அடியில் பருத்திமார் விறகை அள்ளிச் செருகினார். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அலறல் வந்தது. "யா ரப்பீ, வெங்காயம் கருகிப்போச்சே!"

"அங்க கருகவாவது செய்யுது," என்றாள் ஃபத்ஹிய்யா.

சூரியன் சாயும் நேரத்தில் உம்மு ரிஃபாத் பெரிய தட்டோடு வந்தாள். சோறு, முலூக்கிய்யாக் கீரை, பொரித்த மீன்.

"காலையிலேர்ந்து உங்க வீட்டுல அடுப்பு எரியலன்னு தெரிஞ்சுது. அதான் சேர்த்து ஆக்கினேன், தம்பி. சிலிண்டர்காரன் நல்லா இருக்கணும். தீர்ந்துபோச்சுன்னு நேத்துதான் சொன்னேன், காலையிலயே மாத்திட்டான். தீயா அது! தாவித் தாவி எரியுது."

ஃபத்ஹிய்யா கணவரைப் பார்த்தாள், டிரம் இருந்த திசையைப் பார்த்தாள். பாங்கு ஒலித்தது.

"சொன்ன சொல் சொன்னதுதான்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார் ஷாஃபி. "நாளைக்கு இரும்புக்காரனைக் கூப்பிடு. உம்மு ரிஃபாத் அக்கா, அல்லாஹ் உங்க கைக்கு பரக்கத் தரட்டும்."

முதல் கவளத்தை எடுத்தபோது, வெளிப்படிக்கட்டில் தடதடவென்று இரும்பு இடிக்கும் சத்தம் மேலேறியது. பிறகு மாடியிலிருந்து சிலிண்டர்காரனின் குரல்:

"உம்மு ரிஃபாத்! கழுதைக்குக் கால் சுளுக்கு, அதான் புது சிலிண்டர் இவ்வளவு தாமதம், மன்னிச்சுக்க! ஆனா காலைல நான் கழட்டிப் போட்டுட்டுப் போன உன் குழாயை யாரு இந்த டிரம்முல மாட்டினது?"