நாரினுக்கு வந்து சேராத காரைப் பற்றி

டோக்மோக்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி காசிம்பெக் அவர்களுக்கு, டெமிர்குல் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் குதிரைகள் கொழுத்திருக்கும் என்றும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், தங்கள் மகள் பெகாயிம் இன்னமும் என் மகனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமாக இருக்கிறாள் என்றும் நம்புகிறேன். எத்தனை முறை கூப்பிட்டும் தாங்கள் போனை எடுக்காததால் இதைத் தங்கள் ஊர் நாரினுக்குப் போகும் வாடகைக்கார் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிறன்று தாங்கள் ஆடு அறுத்து, உறவையெல்லாம் கூட்டி, பெண்ணுக்கு நிச்சயத் தோடு போட நாங்கள் வருவோமென்று காத்திருக்க, நாங்கள் வராமல் போனது திமிரால் அல்ல. டோலோன் கணவாய் ஏற்றத்தில் என் காரில் எஞ்சின் கோளாறென்று மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி கிழட்டுக் கழுதை மாதிரி இழுத்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி சாய்ராகுல், "முன்னாடி ஏதோ உஸ்ஸுனு சத்தம் வருதே, இறங்கிப் பாருங்க" என்றாள். "காத்து அடிக்குது, நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே அடிவாரத்து கோச்கோருக்குத் திருப்பினேன். அங்கே தோலோன்பாய் என்று ஒரு மெக்கானிக். பானட்டைத் திறக்கக்கூட இல்லை, ஸ்கேனரைச் சொருகி அதில் வந்த எண்ணைப் பார்த்து, "எஞ்சினுக்குள்ள காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு ஆக்சிஜன் சென்சார் சொல்லுதுண்ணே. அந்த சென்சார்தான் கெட்டுப்போச்சு, மாத்திருவோம்" என்றான். மாற்றினோம். விளக்கு அணைந்தது. அதே ஏற்றம், அதே வளைவு, மறுபடியும் எரிந்தது. என் மைத்துனன் ஜிர்கலுக்குப் போன் போட்டேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமலே, "அத்தான், அது காத்த அளக்குற சென்சாரு. கண்ண மூடிக்கிட்டு மாத்துங்க" என்றான். கண்ணை மூடிக்கொண்டு அதையும் மாற்றினோம். திரும்பவும் விளக்கு, திரும்பவும் தோலோன்பாய் பட்டறை.

அப்போதுதான் சாய்ராகுல் தோட்டுப் பெட்டியையும் சால்வைகளையும் எடுத்துக்கொண்டு, "நீங்க அந்த விளக்கையே பாத்துக்கிட்டு உக்காருங்க. நான் போறேன்" என்று ரோட்டில் வந்த வாடகைக்காரை நிறுத்தி ஏறிவிட்டாள். அது எந்தப் பக்கம் போகிறதென்று நான் பார்க்கவில்லை, என் தலை பானட்டுக்குள் இருந்தது. நேற்று மாலைதான் வீட்டுக்கு வந்தாள். கோச்கோரில் அக்காள் வீட்டில் தங்கியிருப்பாள் என நினைக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை, அவளும் பேசவில்லை.

குற்றவாளி அகப்பட்டது தற்செயலாக. ஓடும் எஞ்சின்மேல் குனிந்து தோலோன்பாய் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, புகை மேலே போகாமல் ஒரு ரப்பர் குழாய்ப் பக்கம் வளைந்து உள்ளே இழுபட்டது. குழாயில் விரல்நீள வெடிப்பு. காற்று உஸ்ஸென்று அதன் வழியாகத்தான் புகுந்திருக்கிறது. ஆக, சென்சார்கள் உள்ளதைத்தான் சொல்லின. சொன்ன இரண்டையும் கழற்றி எறிந்தோம். இதில் எனக்கு வியப்பில்லை. நான் போக்குவரத்துப் போலீசில் இருந்த காலமெல்லாம், புகார் சொல்ல வந்தவனைத்தான் முதலில் லாக்கப்பில் உட்கார வைப்போம். தோலோன்பாயிடம் இதைச் சொன்னேன். "அப்பல்லாம் விளக்கு அணைஞ்சுதாண்ணே?" என்றான்.

குழாயை மாற்றியதும் கார் மான்குட்டிபோல் ஓடுகிறது. தாங்கள் மனமிரங்கி இன்னொரு நாள் குறித்தால், பெரிய ஆடாக நானே கொண்டுவந்து அறுத்து, உறவுகள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். என் கார்மேல் உள்ள கோபத்தை என் மகன்மேல் காட்டிவிடாதீர்கள். அவனுக்கு ஓட்டவே தெரியாது. தங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும்.

தங்கள் சம்பந்தி,
டெமிர்குல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சாய்ராகுல் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு வாய் திறந்தாள். அவள் ஏறியது நாரின் வண்டியாம். ஞாயிறு மாலையே பெகாயிமுக்குத் தோடு போட்டு, கல்யாணத் தேதி குறித்து, ஆட்டையும் தின்றாகிவிட்டதாம். என்னோடு சிரிக்காமல் பேச முடியாது என்றுதான் தாங்கள் போனை எடுக்கவில்லையாம். இருந்தாலும் கடிதத்தை அனுப்புகிறேன், சம்பந்தி. கல்யாணத் தேதியை மட்டும் எனக்கு எழுதுங்கள். இவள் சொல்லமாட்டேன் என்கிறாள்.