இடது பக்கத்து ஓட்டுகள்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ஒரு நிமிடம் தாமதமாக வந்தேன் என்று மில் கேட்டை என் மூக்குக்கு நேரே சாத்தினார் சூப்பர்வைசர். அதற்காக இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் நடத்தினேன். இரண்டாவது, அதில் வென்றதும் சங்கம் எனக்கு மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலியை வேறொருவனுக்குப் போட்டது. மூன்றாவது, ஓய்வு பெற்ற அதே சூப்பர்வைசர் என் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார். நான்காவது, நான் ரத்தம் கொதிக்க எழுதிய துண்டறிக்கைகளை அலமாரித் தட்டில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கினாள் என் மனைவி. ஐந்தாவது, போன மாதம் நடந்தது. படிக்கிற கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர் சொன்னார்: "ரெண்டு கண்லயும் அழுத்தம் அதிகமா இருக்கு."

"அழுத்தத்தை எதிர்த்து நாப்பது வருஷம் போராடினவன் நான்."

"இது குளுக்கோமா. முதல்ல ஓரப் பார்வையைத் திருடும். வலிக்காது, தெரியாது. உடனே பரிசோதனை பண்ணி, தினமும் சொட்டு மருந்து விடணும். ஆயுசுக்கும்."

வலியே இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மருந்து! இந்தச் சூழ்ச்சி எனக்குப் புரியாதா? வீட்டுக்கு வந்து டாக்டர் கொடுத்த சீட்டை மனைவியிடம் வீசினேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படித்தாள். என் துண்டறிக்கை எதையும் அவள் அப்படிப் படித்ததில்லை.

"போன வாரம் கதவு நிலையில இடிச்சுக்கிட்டீங்க."

"நிலை கோணல்."

"முந்தாநாள் தண்ணிச் சொம்பைத் தட்டி விட்டீங்க."

"சொம்பு வழியில இருந்துச்சு."

"எல்லாமே இடது பக்கம்ங்க."

"நாப்பது வருஷமா நான் இடது பக்கம்தான்!"

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வரமாட்டீங்க?"

"பொதுக்குழுவைக் கூட்டு. பெரும்பான்மை சொன்னா வர்றேன்."

"சரிங்க" என்றாள். சண்டை போடாமல் சரி என்றாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணி. நாற்காலிகளை அவளே போட்டாள். எனக்கு எதிரே அவளும், ஊர்வலத்தில் எப்போதும் கொடி பிடித்ததால் 'கொடி' என்றே பெயராகிப்போன என் பழைய தோழனும். மகளும் மருமகனும் எங்கோ ஓரமாக உட்கார்ந்தார்கள். அவர்களோடு சூப்பர்வைசர்!

"இவருக்கு ஏது ஓட்டு?"

"கூட்டத்துல உட்கார்ந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு போராடி வாங்கினது யாருங்க?"

நான்தான். வாயை மூடிக்கொண்டு தீர்மானத்தைப் படித்தேன்: "பரிசோதனையும் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை. ஆதரிக்கிறவர்கள்?" என் கை, கொடியின் கை. இரண்டு.

"எதிர்க்கிறவர்கள்?"

ஓட்டு எண்ணும்போது தலைவன் தலையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் அவனுக்கே சந்தேகம் என்று கூட்டம் நினைத்துவிடும். இது நானே அச்சிட்டு விநியோகித்த விதி. நேரே பார்த்தேன். மனைவியின் கை மட்டும் உயர்ந்திருந்தது.

"ஒன்று! தீர்மானம் நிறைவேறியது!"

கைதட்டல் இல்லை. கொடியே தட்டவில்லை.

"இன்னொரு தடவை எண்ணுங்க" என்றாள் மனைவி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஒன்று. எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்றுதான்."

"அப்பா" என்றாள் மகள், என் இடது பக்கத்திலிருந்து. "கை வலிக்குதுப்பா."

திரும்பினேன். மூன்று கைகள். சூப்பர்வைசர் கைக்குட்டையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தார். "தலைவரே, அப்பலேருந்து ஆட்டறேன்."

நாலுக்கு இரண்டு. தோற்றது கூடப் பெரிதில்லை. ஆட்டிய கைக்குட்டை எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு எழுத்தும் தெரியாமல் போனால்? படித்தும் எழுதியும் ஆளானவனுக்கு அப்புறம் என்ன மிச்சம்? சட்டையை மாட்டினேன். பொத்தானை நான் ஓட்டை மாற்றிப் போட்டதைப் பார்த்துவிட்டு, மனைவியே சரியாகப் போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை மூடி, மோவாயை இயந்திரத்தில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்கே வெளிச்சம் மின்னினாலும் அமுக்க வேண்டும். நான் விட்டுக்கொடுப்பேனா? அமுக்கித் தள்ளினேன்.

"ஐயா, வெளிச்சம் வராதப்பவும் அமுக்கறீங்க" என்றாள் பரிசோதிக்கிற பெண்.

"முன்கூட்டியே பதிவு பண்றேன்மா."

"மிஷின் கண்டுபிடிச்சிடும். முதல்லேருந்து பண்ணுங்க."

டாக்டர் படத்தைக் காட்டினார். இடது ஓரத்தில் கறுப்பு.

"போனது திரும்பாது. ஆனா நடுப் பார்வை நல்லா இருக்கு. சொட்டை விடாம விட்டா, இருக்கறதைப் பெரும்பாலும் காப்பாத்திடலாம். இது குடும்பத்துல வரும், பொண்ணையும் பார்த்துடுவோம்."

மகளுக்கு ஒன்றுமில்லை. மருந்துக் குப்பியின் பொடி எழுத்தை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். மூச்சு அப்போதுதான் வந்தது. பக்கத்தில் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையாம்.

நானே விட்ட முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. இரண்டாவது மீசையில். மூன்றாவதை 'நாளைக்கு' என்று ஒத்திவைத்தேன். அன்று மாலையே அவசரப் பொதுக்குழு கூடியது. நோட்டுப் புத்தகத்தோடு மனைவி எழுந்து நின்றாள்.

"தினமும் எட்டு மணிக்கு, ஒரு நிமிஷம் தவறினாலும் பொறுக்காத ஒருத்தர் வந்து இவருக்குச் சொட்டு விடணும். நான் விட்டா சாக்கு சொல்லுவார். ஆதரிக்கிறவங்க?"

இந்த முறை விதியைக் கைவிட்டு, கழுத்து சுளுக்கும்வரை இரண்டு பக்கமும் திரும்பி எண்ணினேன். ஐந்து. கொடியும் தூக்கியிருந்தான், துரோகி.

"பெரும்பான்மையா நிறைவேறியது" என்று அறிவித்துவிட்டு, அத்தனை சாட்சிகளுக்கும் கேட்கும்படி பொறுப்பாளரின் பெயரை வாசித்தாள்:

"நம்ம சூப்பர்வைசர்."