கடலடிப் பிணங்களுக்கு நான் கொள்ளி வைத்த விவரம்

கம்பைநல்லூர்,
சர்வதாரி வருஷம், வைகாசி மாதம்.

பென்னாகரம் குப்புராஜ் அவர்களுக்கு, உங்கள் மகள் செல்லம்மாளை என் மகன் தர்மனுக்குக் கேட்டு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட மாது, சம்பந்தி என்று அழைக்கும் உரிமை இன்னும் பாக்கி இருக்கிறதா என்று தெரியாமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் கோவிந்தம்மாளும் பையனும் மாடு கன்றுகளும் காளியாத்தா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடத்திலும் அனைவரும் அப்படியே இருக்க வேண்டும். சௌக்கியம் என்று எழுதாமல் உயிரோடு என்று எழுதியதற்குக் காரணம், எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் குறைச்சல், செத்தவர்கள் ஜாஸ்தி என்று உங்கள் ஊர் வரைக்கும் பேச்சு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதுதான்.

போன சந்தையில் உங்கள் ஊர் மாட்டுத் தரகர் என்னைப் பார்த்ததும் நாலடி தள்ளி நின்றுகொண்டு, “பொணத்த டிரங்குப் பொட்டியில வெச்சிக்கிற வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதில்லன்னு குப்புராஜ் சொல்லிட்டாருங்க. ஆனி மாசக் கண்ணாலம் நின்னாப்பலதான்” என்றார். நான் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் நானும் நிறுத்திக்கொண்டேன். ஐயா, பெட்டி உண்டு. செத்தவையும் உண்டு. ஆனால் பிணம் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் விவரமாக எழுதுகிறேன். நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். அங்கே கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. அந்த அளவு புத்தியில் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

தர்மன் மதராஸில் ஒரு காலேஜில், மண்ணையும் பாறையையும் பற்றிய படிப்பில், புரபசருக்குக் கையாளாக இருப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர் கப்பல் ஒன்று அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவிலே நின்று, நீளமான இரும்புக் குழாயை அடிமண்ணில் இறக்கி, மூட்டையில் குத்தூசி விட்டு நெல் பார்க்கிற மாதிரி, சேற்றைக் குத்தி எடுத்திருக்கிறது. மேலே இருப்பது புதுச் சேறு, கீழே போகப் போகப் பழசு. அதில் கொஞ்சம் துண்டு துண்டாக இந்த புரபசருக்கு வந்து, அவர் அதை அடுக்குக்கு ஒரு சீசாவாகப் போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்து, லீவு முடிவதற்குள் எண்ணி முடித்துக்கொண்டு வா என்று பையனிடம் பூதக்கண்ணாடிப் பெட்டியோடு அனுப்பிவிட்டார். என்னத்தை எண்ணுவது என்று நானும் கேட்டேன். கண்ணாடியில் பார் என்றான். பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வெறும் கண்ணுக்கு அது அரிசி நொய்யை இடித்த தூள்தான். கண்ணாடிக்குள்ளே, சம்பந்தி, ஒவ்வொரு தூளும் ஒரு ஓடு. சிலது நத்தை மாதிரி சுருண்டது, சிலது குமிழ் மேல் குமிழ் ஒட்டினாப்போல. எல்லாவற்றிலும் தொளை. அந்தத் தொளைகள் அத்தனையும் என்னையே பார்த்தன. கடலின் மேல்தண்ணீரில் பிழைக்கிற பூச்சியின் கூடாம் அது. செத்தால் ஓடு அப்படியே கீழே இறங்குமாம். ராத்திரி பகல் இல்லாமல், யாரும் பார்க்காமல், லட்சக்கணக்கான வருஷமாக அந்த இருட்டுக்குள் ஓடு தூறிக்கொண்டே இருக்கிறதாம். இங்கே மூன்று வருஷமாக ஒரு பொட்டு மழை இல்லை, கிணற்றில் இறங்கினால் தவளைதான் மேலே ஏற வழி கேட்கிறது. அங்கே ஓயாத சாவுமழை. எனக்கு முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தாற்போல இருந்தது.

இதில் ஒரு ஜாதி ஓடு வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பிழைக்குமாம், இன்னொன்று குளிர்ந்த தண்ணீரில். எந்த அடுக்கில் எது எத்தனை என்று எண்ணிவிட்டால், அந்தக் காலத்தில் வெயிலா குளிரா என்று சொல்லிவிடலாமாம். ஒற்றை மயிர் வைத்த தூரிகையை எச்சில்படுத்தி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பிடித்த மூச்சு தும்மலாக வந்துவிட்டது. “போச்சுங்கப்பா, ஆயிரம் வருஷம் போச்சு” என்று தலையில் கை வைத்தான். வெள்ளாமையில் ஒரு போகம் தொலைத்ததற்கே என் அப்பா என்னைப் புளியமரத்தில் கட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு என்ன தண்டனையோ என்று பயந்து, அதற்கப்புறம் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ஒரு சீசாவில் மட்டும் அவன் தூரிகை சும்மா நின்றது. வெதுவெதுப்பு ஜாதி ஓடு அதில் ஒன்றுகூட இல்லை. மேலடுக்குச் சீசாவில் உண்டு, கீழடுக்குச் சீசாவிலும் உண்டு, நடுவில் சுத்தமாக இல்லை. உலகமே குளிர்ந்து கிடந்த காலமாம் அது. “அத்தனை காலம் அதுங்க எங்கடா போயிருந்துச்சு?” என்றேன். “தெரியலீங்கப்பா. மறுபடி வந்துச்சு, அவ்வளவுதான் தெரியும்.” “நம்ம மூணு வருஷப் பஞ்சம் இதுல எம்புட்டு தடிப்பு வரும்?” “வராதுங்க.” “நான் பொறந்து இத்தன வயசாச்சே, அது?” “வராதுங்கப்பா.” “சரி, நம்ம ஊரு உண்டான காலத்துலருந்து?” அவன் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே, “ஒரு ஓட்டுமேல இன்னொரு ஓடு விழுந்தாப்பல இருக்கும்” என்றான். வெளியே நல்ல உச்சிவெயில். தெருவில் நாய்கூட இல்லை. நான் எழுந்து போய் என் கையால் கட்டின சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாடும் ஒரு மாதிரியாகிவிட்டது. அந்தச் சேற்றை அலசி ஊற்றிய இடத்தில் மண் வெள்ளை பூத்தது. எங்கள் செவலைப்பசு அங்கேயே நின்று தரையை நக்கிவிட்டு, பிறகு தலையை நடைக்குள் நீட்டி அந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஓட்டினாலும் போகாது. உப்புக்காக என்று தர்மன் சொன்னான். கோவிந்தம்மாள், “உப்புக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிது? பொட்டிக்கு ஏதுடா மூஞ்சி?” என்று கேட்டாள்.

இப்படி இருக்கையில்தான் குள்ளம்மாள் நெருப்புக்கங்கு கேட்டு வந்தாள். எங்கள் ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஒப்பாரி அவளுடையது. சாவு விழுந்த வீட்டுக்காரருக்கே அவள் குரல் கேட்டுத்தான் விஷயம் தெரியும். அவளைப் பார்க்க விட்டது என் முட்டாள்தனம், பதில் சொன்னது பையனுடைய படிப்பு. கண்ணாடியில் குனிந்தவள் நிமிர்ந்ததும் கங்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். “ஏன் தம்பி, இதெல்லாம் மண்டையோடாட்டம் இருக்குதே. கண்ணு தொளைகூட இருக்குது. செத்ததா?” “ஆமாங்க அக்கா, எல்லாம் செத்ததுதான்.” “பொதைச்சதா?” “தானா பொதைஞ்சதுங்க. லட்சக்கணக்குல.” “மழைக்கும் இதுக்கும் ஏதோ உண்டுன்னு உங்கப்பன் சொன்னாரே?” “உண்டுங்க அக்கா, மழை, குளிரு, வெயிலு எல்லாம் இதுங்களத்தான் கேக்கணும்.” ஐயா, அவன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததே. மழை தப்பினால், எரிக்க வேண்டிய உடம்பை எவனோ புதைத்துவிட்டான், அது பூமிக்குள் கிடந்து மேகத்தை விரட்டுகிறது என்று தேடுவார்கள். கிடைத்தால் தோண்டி எடுத்து எரிப்பார்கள். பங்குனியிலிருந்து ஊரார் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. இப்போது லட்சக்கணக்கில் அகப்பட்டுவிட்டது. மறுநாளே காளி கோயில் முன்னால் கூட்டம். மணியக்காரர் ராஜப்பன் தொண்டையைச் செருமி, “மாது, நீ நல்லவன்தான். ஆனா ஊரு வயிறு காயறப்ப உன் வூட்டுல இத்தன பொணத்த அடை காக்கலாமா?” என்றார். தர்மன், “அது சுண்ணாம்புங்க, பொணமில்லீங்க” என்றான். “பேரு எதுவா இருந்தா என்னா? செத்துச்சா இல்லையா?” “செத்துச்சுங்க.” “எரிச்சாங்களா?” “இல்லீங்க.” “அப்புறம் என்னாத்தப் பேசறது?” கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், என் தலையும் ஆடிவிட்டது.

பையன் எண்ணி முடித்த சீசாக்களில் மிச்சமிருந்த சேற்றைத் தருவதாகவும், எண்ணாததைத் தொடக்கூடாது என்றும் ராஜி ஆயிற்று. புதுப்பானையில் கொட்டி, மேலே மஞ்சள் துணி கட்டினார்கள். ஆற்றங்கரைச் சுடுகாட்டில் வேலங்கட்டையும் வறட்டியும் மலையாகக் குவிந்தது. வேலை வெட்டி இல்லாத பஞ்ச காலம், ஆளுக்கொரு சுமை. அப்போதுதான் கேள்வி வந்தது, கொள்ளி யார் வைப்பது? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணம் நிற்கிறதே என்ற அவசரத்தில், “எவனும் இல்லாத பொணமா? நானே வெக்கறேன், ஆவட்டும்” என்று துண்டை உதறிப் பெரிய மனுஷன் மாதிரி முன்னால் போய்விட்டேன். உடனே நாவிதரை உட்கார வைத்தார்கள். தலை போயிற்று, மீசையும் போயிற்று. தண்ணீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தேன். குள்ளம்மாள், “ஊரு பேரு தெரியலையே, உறவு மொறை தெரியலையே, தண்ணிக்குள்ள கெடந்தவங்களே, தாகத்துக்கு வந்தீங்களே” என்று எடுத்தாள் பாருங்கள், விளையாட்டாக வந்தவன்கூடக் கண்ணைத் துடைத்தான். எனக்கு அழுகை வந்தது மீசைக்காக என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனோம். பானை வெடித்து, நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது. பால் செம்பை நான் சாய்க்கப் போகிறேன், மேலே இருந்து ஒரு சொட்டு விழுந்தது. யாரும் நிமிரவில்லை. மூன்று வருஷமாக நிமிர்ந்து அலுத்த கழுத்துகள். இரண்டாவது சொட்டு அந்தக் கட்டி மேல் விழுந்தது. கட்டி சீறியது. அடுத்த சொட்டுகளுக்கு அது புகைந்தது, கொதித்தது, வெடித்து வாய் திறந்தது, எங்கள் கண் முன்னால் உப்பிப் பெரிதாகி அசைந்தது. “எந்திரிக்கறாங்கடீ!” என்று குள்ளம்மாள் போட்ட சத்தத்தில் ஊர் ஒரே ஓட்டம். முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். எனக்கு முன்னால் என் வேட்டி மட்டும் போயிற்று.

சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதுதான் இது, சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் இப்படித்தான் என்று நடு மழையில் நின்றுகொண்டு தர்மன் கத்தினான். காளவாயை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். அந்த நேரத்தில் ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை. அது போகட்டும். ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த ஆவி எங்களைத் தாண்டிப் போனபோது, ஓடிய அத்தனை பேரும் ஒரே மாதிரி, “கடலு வாசன” என்றார்கள். எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவன் தர்மன் ஒருத்தன்தான். எங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஆக, சம்பந்தி, எரிக்க வேண்டியதை எரித்தாயிற்று. மழையும் கொட்டித் தீர்த்து ஏரிக்குக் கழுத்தளவு வந்துவிட்டது. ஊரார் எங்கள் வீட்டுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். எண்ணாத சீசாக்களும் அடுத்த வாரம் மதராஸ் போய்விடும். வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. பசு மட்டும் பழையபடி நிற்கிறது, அது மாட்டின் சுபாவம். ஆகையால் மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் ஆனி மாதமே முகூர்த்தம் வைத்து, குழந்தை செல்லம்மாளைத் தைரியமாக எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். அவளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் சம்சாரத்துக்குக் கோவிந்தம்மாள் விசாரித்தாள். பெரியவர்களுக்கு நமஸ்காரம், கன்று ஈன்ற உங்கள் எருமைக்கும் என் சந்தோஷம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
மாது.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பிக் காரியத்தில் இறங்கிவிட வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது ராஜப்பனும் குள்ளம்மாளும் வந்தார்கள், கருமாதி என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு. கருமாதியா என்றேன். கொள்ளி வைத்தாயே என்றார்கள். செத்தது என்ன முறை என்று தெரிந்தால்தான் தீட்டு எத்தனை காலம் என்று சொல்லலாம் என்று குள்ளம்மாள் நேரே தர்மனிடம் போனாள். நான் கண் ஜாடை காட்டினேன். அவன் படித்தவன், ஜாடை தெரியாது. “எல்லா உசுரும் ஆதியில கடல்ல உண்டானதுதாங்க அக்கா. எத்தனையோ தலைமொறைக்கு முந்தி, நமக்கும் அதுங்களுக்கும் பாட்டன் ஒண்ணுதான்” என்றான். “பாட்டன் ஒண்ணா? அப்ப பங்காளி!” என்று ராஜப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பங்காளிக்குக் கொள்ளி வைத்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் நல்ல காரியம் கூடாதாம். ஆனி மாதக் கல்யாணத்தை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, நானே நிறுத்திவிட்டேன்.

ஆனால் ஒன்று. கருமாதிக்குச் சம்பந்தி வீட்டார் கோடித்துணி எடுத்து வருவது முறை. நீங்கள் வந்தால் சம்பந்தம் நிலைத்தது, வருஷம் கழித்துக் கல்யாணம். வராவிட்டால் முறிந்தது. இவ்வளவு பேருக்கு எத்தனை கெஜம் எடுப்பது என்று மலைக்க வேண்டாம். ஒரு நூலிழை போதும், அவர்கள் எல்லோரும் போர்த்திக்கொள்ளலாம். நீங்கள் மட்டும் நேரில் வரவேண்டும்.