வாஷிங் மிஷினுக்கு வாயு மருந்து

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வேட்டியை தோபிகிட்ட குடுக்கணும்.

இன்னிக்கு கிள்ளான்ல என் மச்சினனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பட்டுக்கரை வேட்டி, மாமியாரே எடுத்துக் குடுத்தாங்க. முந்தாநாள் அளவு பாக்குறேன்னு கட்டினவன், அவுக்காம அப்படியே பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழையிலை சாப்பாட்டுக்குப் போயிட்டேன். மட்டன் பிரட்டல் மடியில சொட்டிருச்சு!

கல்யாண வேலைக்கு முன்னாடியே கிள்ளான் போயிட்ட மனைவி போன்ல சொன்னா: "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். தோபிகிட்ட குடுங்க, போதும். கறையோட வந்தீங்க, உங்க சகலையை மேடையில நிக்க வச்சிருவேன்."

சகலையா! அவரு ஷா ஆலம்ல இன்ஜினியர். பொறக்கும்போதே இஸ்திரி போட்டுக்கிட்டு பொறந்தவரு. அவருக்கு என் இடத்தைக் குடுக்கிறதுக்கு நான் கல்யாணத்துக்கே போகாம இருந்துரலாம்.

எங்க அடுக்குமாடியை விட்டு இறங்கினா தோபி கடை ரெண்டு கடை தள்ளித்தான். ஆனா எனக்குத்தான் அறிவு ஜாஸ்தியாச்சே! யூடியூப்ல பாத்திருக்கேன். சோப்புல சர்ஃபாக்டன்ட்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. அதோட வாலு எண்ணெயைக் கவ்விக்கும். தலை தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போயிரும். அப்ப மட்டன் எண்ணெய்க்கு எது பெஸ்ட்? பாத்திரம் கழுவுற லிக்விட்!

பாதி போத்தல் ஊத்தி மிஷினைத் தட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்துல சோப்பு போடுற டப்பா வழியா நுரை எட்டிப் பாத்துச்சு. அப்புறம் கிச்சன். அப்புறம் ஹால். அப்புறம் கிரில் கேட்டைத் தாண்டி காரிடார்!

எதிர் வீட்டு சீன ஆன்டி கதவைத் திறந்தாங்க. "அய்யோ பாஸ், யூ ஓபன் கார் வாஷ் ஆ?"

மிஷினை ஆஃப் பண்ணா, அதோட கதவு லாக். வேட்டி உள்ளே, நான் வெளியே.

அப்பத்தான் மேசையில வாயு மாத்திரை அட்டை கண்ணுல பட்டுச்சு. வயித்துல நுரையை உடைக்கும்னு போட்டிருந்துச்சு. ஒரே ஓட்டம், கீழே இருக்கிற ஃபார்மசிக்கு!

"மிஸ், நுரைக்கு மருந்து வேணும். அவசரம்!"

"யாருக்கு அங்கிள்?"

அங்கிளாம். சரி, சண்டை போட நேரமில்ல. "வீட்டுல இருக்கு மிஸ். நுரை தள்ளுது!"

அந்தப் பொண்ணு பதறிப் போச்சு. "எத்தனை வயசு?"

"மூணு."

"ஐயோ, சின்னப் பிள்ளையா! எடை?"

"எழுபது கிலோ இருக்கும்."

பேனாவைக் கீழே வச்சிருச்சு.

விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுச்சு: "அங்கிள், சோப்பு தோலு மாதிரி சுத்திக்கிட்டு காத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அதான் நுரை. இந்த மருந்து அந்தத் தோலை உடைச்சிரும், வாஸ்தவம்தான். ஆனா இது சிலிக்கோன் எண்ணெய். வயித்துக்கு ஓகே, துணிக்கு வேணாம் லா. வெறும் தண்ணியில நாலஞ்சு தடவ அலசுங்க, போதும்."

எண்ணெய்னு சொன்னது காதுல விழுந்துச்சு. மூளைக்குப் போகல. பச்சைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிற ஸ்ட்ராபெரி வாசனை வாயுச் சொட்டு மருந்து, கடையில இருந்த அத்தனையும் அள்ளிட்டு வந்து, சோப்பு டப்பா வழியா ஊத்தி மிஷினை மறுபடி ஓட விட்டேன்.

நம்ப மாட்டீங்க, நுரை புஸ்ஸுன்னு அமுங்கிருச்சு! பெருமை தாங்கல. வீடியோ எடுத்து சகலைக்கே அனுப்பினேன். அவரு அதைக் குடும்ப வாட்ஸ்அப்புல போட்டுட்டாரு.

கதவு திறந்துச்சு. மட்டன் எண்ணெய் போயே போச்சு. மஞ்சக் கறை அப்படியே இருக்கு. வேட்டி பூரா புதுசா எண்ணெய்ப் புள்ளி. வாசனை மட்டும் பிரமாதம். எனக்கு அழுகையே வந்துருச்சு.

தோபிகிட்ட ஓடினேன். மோந்து பாத்தாரு. "என்ன அண்ணே, ஐஸ்கிரீம்ல தொவச்சீங்களா? காலையிலேயே குடுத்திருந்தா போயிருக்கும். இனி நாளைக்குள்ள முடியாது லா."

இன்னிக்கு மேடையில சகலை நின்னாரு, அவரோட சொந்த வேட்டியில. கரை கூட மாட்ச் ஆகல. ஒருத்தரும் கண்டுக்கல!

மூத்த மாப்பிள்ளை நான், பேன்ட்டு சட்டையோட பந்தியில மோர் ஊத்திக்கிட்டு இருந்தேன்.

மனைவி பக்கத்துல வந்து மெதுவா சொன்னா: "பாத்து ஊத்துங்க. இதையாவது நுரை வராம."